ஸ்பானியக் குடும்பப் பெயருக்குக் குலச்சின்னம் தேடுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பானியக் குடும்பப் பெயர் ஒன்றை இணையத்தில் தட்டினால் சில நொடிகளில் வண்ணக் கேடயம் ஒன்று வந்து நிற்கும். அதையே சட்டம் போட்டும் கோப்பையில் அச்சடித்தும் விற்கிறார்கள். வாங்கிச் சுவரில் மாட்டுவதற்கு முன் ஒன்றை மனதில் வையுங்கள்: ஸ்பெயினில் குலச்சின்னம் பெயருக்கு உரியதல்ல, வம்சத்துக்கு உரியது. ஒரே பெயரில் தொடர்பே இல்லாத பல வம்சங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் வேறு கேடயம் இருக்கும், அல்லது எதுவுமே இருக்காது.

மெண்டோசாவை எடுத்துக்கொள்வோம். வட ஸ்பெயினின் ஆலவா மாகாணத்தில் விட்டோரியா நகரை ஒட்டிய ஒரு சிற்றூரின் பெயர் அது. பாஸ்க் மொழியில் ‘குளிர்ந்த மலை’ என்று பொருள். அந்த ஊரின் கோபுரக் கோட்டை இன்றும் நிற்கிறது. அங்கிருந்து கிளம்பிய வம்சத்தின் கேடயம் பச்சைத் தரை (பின்புலம்), அதில் பொன் விளிம்பு கட்டிய சிவப்புச் சாய்பட்டை. பிறகு தியெகோ உர்த்தாதோ டி மெண்டோசா, லெயோனோர் டி லா வேகாவை மணந்தார். அவர்கள் சந்ததியில்தான் பெருக்கல் குறி போல நான்காகப் பிரிந்த கேடயம் வந்தது: மேலும் கீழும் மெண்டோசாவின் பச்சை, இரு பக்கங்களிலும் வேகா வம்சத்தின் பொன் தரை, அதில் ‘ஆவே மரியா’, ‘கிராத்சியா பிளேனா’ (அருள் நிறைந்த மரியே வாழ்க) என்ற லத்தீன் எழுத்துகள். ‘மெண்டோசா சின்னம்’ என்று கடைகளில் விற்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதைத்தான். லெயோனோரின் வழியில் வராத மெண்டோசாவுக்கு அந்த வேகா பகுதியில் எந்த உரிமையும் கிடையாது.

பெர்னாண்டஸ், கோன்சாலஸ், ரொட்ரிகெஸ் போன்ற பெயர்களில் சிக்கல் இன்னும் பெரிது. கடைசியில் வரும் ‘எஸ்’ இன்னாரின் பிள்ளை என்பதைக் குறிக்கும். பெர்னாண்டஸ் என்றால் பெர்னாண்டோவின் பிள்ளை. நாம் தகப்பன் பெயரை இனிஷியலாகப் போடுவது போலத்தான். ‘மு’ இனிஷியல் உள்ளவர்கள் எல்லாரும் பங்காளிகள் ஆவார்களா? அப்போது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த பிலிப்பைன்ஸில் 1849இல் ஆளுநர் கிளவெரியா பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தயாரித்து ஊர் ஊராகக் குடும்பப் பெயர்களைப் பங்கிட்டார். அங்கே ஸ்பானியப் பெயர் இருப்பதாலேயே ஸ்பானிய வம்சம் என்று சொல்ல முடியாது. தூத்துக்குடிப் பரதவரிடையே வழங்கும் பர்னாந்து, ரொட்ரிகோ போன்றவையும் 16ஆம் நூற்றாண்டில் ஞானஸ்நானத்தோடு போர்த்துக்கீசியர் வழியாக வந்தவை. கல்யாணப் பத்திரிகையில் ஸ்பானிய பெர்னாண்டஸ் கேடயத்தைப் போட்டால், கடல் கடந்த யாரோ ஒருவரின் சின்னத்தைத்தான் போடுகிறோம்.

பெயரைப் பிடித்துக்கொண்டே தலைமுறைகளை ஏறுவதும் தவறு. பழைய காலத்தில் தாய், பாட்டி, பெரியப்பா என யார் பெயரையும் பிள்ளைக்கு வைத்தார்கள். உடன்பிறந்தவர்களே வேறு வேறு குடும்பப் பெயரில் வாழ்ந்தார்கள். 1539இல் பெருவின் குஸ்கோவில் பிறந்த வரலாற்றாசிரியர் இன்கா கார்சிலாசோ டி லா வேகா, கோமெஸ் சுவாரெஸ் டி ஃபிகேரோவா என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றவர். ஆகவே உங்களிடமிருந்து தொடங்கி ஒவ்வொரு பிறப்பையும் ஆவணத்தால் நிறுவிக்கொண்டு பின்னோக்கிப் போங்கள். ஸ்பெயினில் அரசுப் பதிவேடு 1871 வரை கைகொடுக்கும். அதற்கு முன் பங்குக் கோவில்களின் ஞானஸ்நான, திருமணப் பதிவுகள்தான். பல ஊர்களில் 16ஆம் நூற்றாண்டு வரை கிடைக்கும். ஹிதால்கோ (பட்டமில்லாத கீழ்நிலைப் பிரபு) என்ற தகுதிக்காக நடந்த வழக்குகள், தாஹோ ஆற்றுக்கு வடக்கே வாழ்ந்தவர்களுக்கு வயதோலித் உயர்நீதிமன்றத்திலும் தெற்கே உள்ளவர்களுக்குக் கிரனாதாவிலும் விசாரிக்கப்பட்டன. சந்தியாகோ, கலாத்ராவா முதலிய வீரத்துறவியர் சபைகளில் சேர்ந்தவர்களின் வம்சச் சான்றுக் கோப்புகள் மத்ரித் தேசிய வரலாற்று ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ‘பாரெஸ்’ என்ற அரசு இணையதளத்தில் பட்டியலை இலவசமாகத் தேடலாம். கவனம்: வழக்கில் ஹிதால்கோ என்று தீர்ப்பானாலே குலச்சின்னம் இருந்ததாகிவிடாது. அது வேறு, இது வேறு.

வம்சம் உறுதியானபின் குலச்சின்னத்தின் விவரணையைப் படிப்பதில் அடுத்த குழி. அதை மொழிபெயர்ப்புச் செயலியில் போடாதீர்கள். ‘சாப்லே’ பேச்சு ஸ்பானியத்தில் வாள், கேடயத்தில் கறுப்பு. ‘அர்மாதோ’ சிங்கம் ஆயுதம் ஏந்திய சிங்கமல்ல, நகங்கள் வேறு நிறத்தில் உள்ள சிங்கம். கூலெஸ் சிவப்பு, அஸூர் நீலம், சினோப்லே பச்சை. கறுப்பு வெள்ளை அச்சிலும் பிற்காலக் கற்செதுக்கலிலும் நிறத்தைக் கோடுகளால் காட்டுவார்கள்: செங்குத்துக் கோடு சிவப்பு, கிடைக்கோடு நீலம், புள்ளி பொன், வெறுமையாக விட்டால் வெள்ளி. செங்குத்துக் கோடுகளைத் தூண்பட்டைகள் என்று எண்ணி வரைந்துவிடுகிறார்கள்.

இடம் வலம் மிக முக்கியம். கேடயத்தின் வலம் என்பது அதை ஏந்தி நிற்பவரின் வலம். பார்க்கும் நமக்கு இடப்பக்கம். நம் கண்ணுக்கு இடது மேல்மூலையிலிருந்து வலது கீழ்மூலைக்கு இறங்குவது ‘பாந்தா’. அதற்கு நேர் எதிராக இறங்குவது ‘பார்ரா’. அதைத் திருமணத்துக்கு வெளியே பிறந்த கிளையின் அடையாளமாகப் பலர் வாசிப்பார்கள். கேடயத்தின் மேலுள்ள தலைக்கவசம் நம் வலப்பக்கம் திரும்பியிருந்தாலும் அதே வாசிப்புதான். படத்தைக் கணினியில் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பினால் இரண்டும் ஒருசேர மாறிவிடும். எம்பிராய்டரிக்கோ ரப்பர் முத்திரைக்கோ கொடுக்கும்போது இது அடிக்கடி நடக்கிறது.

வரையும்போது அகலம் 5 பங்கு, உயரம் 6 பங்கு, அடி அரைவட்டம். 30 செ.மீ. உயரத்துக்கு அகலம் 25 செ.மீ.; பாந்தா அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8 செ.மீ. சுமார், சுற்று விளிம்பு இருந்தால் ஆறில் ஒரு பங்கு, 4 செ.மீ. சுமார். பொன், வெள்ளி இரண்டும் உலோகம், மற்றவை நிறம். உலோகத்தின் மேல் உலோகமும் நிறத்தின் மேல் நிறமும் வைக்கக்கூடாது. மெண்டோசாவின் சிவப்புப் பட்டை பச்சைத் தரையில் நிறத்தின் மேல் நிறம். அதைச் சரிசெய்வது இருபுறமும் ஓடும் அந்தப் பொன் விளிம்புதான். சிறிய அளவில் அச்சிடுபவர்கள் அலங்காரம் என்று நினைத்து அதை விட்டுவிடுகிறார்கள். விட்டால் தூரத்திலிருந்து பட்டையே தெரியாது. அழகுக்காகப் பிரபு, கோமகன் கிரீடங்களைத் தலையில் ஏற்றவும் கூடாது. பட்டம் உள்ளவருக்கே கிரீடம்.

கடைசியாக, பணம் கட்டி வாங்கும் சான்றிதழ். ஸ்பானிய அரசின் 1951 ஆணையின்படி குலச்சின்னச் சான்று வழங்கியவர்களில் கடைசியானவர் விசென்தே டி காதெனாஸ். 2005இல் அவர் மறைந்தபின் மத்திய அரசு அந்தப் பதவிக்கு யாரையும் அமர்த்தவில்லை. காஸ்டில் லெயோன் பிராந்தியம் 1991இல் தனக்கு மட்டும் தனியாக ஒருவரை அமர்த்தியது. எனவே ‘ஸ்பானிய அரசு அங்கீகாரம்’ என்று முத்திரை குத்திய தாள் வந்தால் கையெழுத்திட்டவர் யார், எந்த ஆணையின் கீழ் என்று கேளுங்கள். எந்தக் கேடயமும் கிடைக்காதவர்கள் தங்களுக்கெனப் புதிதாக ஒன்றை வகுத்துக்கொள்ள ஸ்பானிய வழக்கம் இடம் தருகிறது. ஏற்கெனவே இன்னொரு வம்சம் வைத்திருக்கும் அமைப்பாக மட்டும் அது இருக்கக்கூடாது.