ரூபியில் மிக்ஸின்: பழைய கிளாஸைத் தொடாமல் தடைக்காலத்தைச் சேர்ப்பது

பாம்பனில் ஒரு மீன் கமிஷன் கடையில் ரூபியில் எழுதிய கணக்கு நிரல் ஒன்று ஓடுகிறது. எழுதியவர் வேறொருவர், பார்த்துக்கொள்வது நான். அதில் படகு என்று ஒரு கிளாஸ், அதன் கீழே விசைப்படகு, நாட்டுப்படகு என்று இரண்டு. கரைவலைக்குத் தனி கிளாஸ், அது படகின் வாரிசு அல்ல. இவை இருக்கும் கோப்புகளைத் திறக்காமல், மிக்ஸின் வழியாக, அதாவது மெத்தட்டுகளைத் தனி மாட்யூலில் எழுதி கிளாஸில் கலப்பதன் வழியாக, புது வேலைகளை ஏற்றுவது எப்படி என்று பார்ப்போம்.

ரூபி நிறுவுவது, கிளாஸ் எழுதுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். நிரல் வரிகளை ஒலிப்பிலேயே தருகிறேன். டெஃப், எண்ட் போன்றவற்றை நீங்கள் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். காப்பி பேஸ்ட் செய்தால் கை பழகாது. மெத்தட் பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம், ரூபி ஏற்றுக்கொள்ளும். கிளாஸ், மாட்யூல் பெயர்கள் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பதால் அங்கே மட்டும் ஆங்கிலம்.

படி 1: இன்க்ளூட்

விசைப்படகு கொண்டுவந்தாலும் கரைவலையில் இழுத்தாலும் மீன் ஏலத்துக்குத்தான் வருகிறது. ஏலத் தொகையில் கமிஷன் போக மீதியைச் சொல்லும் மெத்தட் இரண்டுக்கும் வேண்டும். பொதுவான தாய் கிளாஸ் இல்லாததால் வாரிசு முறை இங்கே உதவாது. ஏலக்கணக்கு என்று ஒரு மாட்யூல் எழுதி, அதற்குள் 'மீதி' என்ற மெத்தட்டை வையுங்கள். பிறகு தனிக் கோப்பில் 'விசைப்படகு.இன்க்ளூட் ஏலக்கணக்கு' என்று ஒரு வரி, கரைவலைக்கும் அதேபோல் ஒரு வரி. அவ்வளவுதான்.

'மீதி'க்குள் 'தொகை' என்று ஒன்றைக் கேட்டால், ஏற்கும் கிளாஸில் அது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நேம்எரர் வரும். ரூபியோடு வரும் மாட்யூல்களும் இப்படித்தான்: எனுமரபிள் உங்களிடம் 'ஈச்' கேட்கும்.

படி 2: பிரிபெண்ட் (இங்கே நிதானமாகப் படியுங்கள்)

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது, நாட்டுப்படகுகள் போகலாம். நம் விசைப்படகு கிளாஸில் 'கிளம்பலாமா' என்ற மெத்தட் ஏற்கெனவே இருக்கிறது. தேதியை வாங்கிக்கொண்டாலும், மீன்துறை டோக்கன் வாங்கியாகிவிட்டதா என்று மட்டும் பார்த்து ட்ரூ அல்லது ஃபால்ஸ் தரும். தடைக்காலம் அதற்குத் தெரியாது. சொல்லிக்கொடுப்போம்:

மாட்யூல் தடைக்காலம்
  டெஃப் கிளம்பலாமா தேதி
    ரிட்டர்ன் ஃபால்ஸ் இஃப் தடைநாளா தேதி
    சூப்பர்
  எண்ட்
எண்ட்

'தடைநாளா' மெத்தட்டும் இதே மாட்யூலுக்குள்தான். மாதத்தை நூறால் பெருக்கி நாளைக் கூட்டுங்கள். மே 1 என்றால் 501. அது 415க்கும் 614க்கும் இடையில் இருக்கிறதா என்று 'பிட்வீன்?' மெத்தட்டைக் (கேள்விக்குறியும் பெயரில் சேர்ந்தது) கேட்டால் போதும். எண்களுக்கு அந்த மெத்தட்டே கம்பேரபிள் என்ற மிக்ஸின் வழியாகத்தான் வந்திருக்கிறது.

இப்போது இதை இன்க்ளூட் செய்துவிட்டு மே 1 அன்று டோக்கன் உள்ள ஒரு படகைக் கேட்டுப் பாருங்கள். 'ட்ரூ' என்றுதான் வரும். பிழைச் செய்தி எதுவும் வராது, நிரலும் நிற்காது. தடைக்காலத்தில் படகைக் கடலுக்கு அனுப்பிவிட்டு அமைதியாக இருக்கும். காரணம் தெரிய 'விசைப்படகு.ஆன்செஸ்டர்ஸ்' என்று தட்டுங்கள். விசைப்படகு, தடைக்காலம், ஏலக்கணக்கு, படகு, ஆப்ஜெக்ட் என்று ஒரு வரிசை வரும். ரூபி மெத்தட்டை இடமிருந்து தேடிப் போகிறது. முதலில் இருப்பது விசைப்படகு, அதிலேயே 'கிளம்பலாமா' கிடைத்துவிடுகிறது. தடைக்காலம் வரை போக வேண்டிய அவசியமே இல்லை.

ரூபி வரிகளைத் தட்டித் தட்டிப் பார்க்கும் ஐஆர்பியை மூடித் திறந்து, இன்க்ளூட்டுக்குப் பதிலாக பிரிபெண்ட் போடுங்கள். இப்போது வரிசை தடைக்காலம், விசைப்படகு, ஏலக்கணக்கு, படகு என்று மாறும். தேதிச் சோதனை முதலில் நடக்கும், அதில் தப்பினால் சூப்பர் வழியாகப் பழைய டோக்கன் சோதனைக்குப் போகும். பிரிபெண்ட் 2013இல் ரூபி 2.0 உடன் வந்தது. அதற்கு முந்தைய பாடங்களில் பழைய மெத்தட்டுக்கு அலியாஸ் (மாற்றுப்பெயர்) வைத்துச் சுற்றிவளைப்பார்கள், அதைப் பழக வேண்டாம்.

சூப்பர் என்று வெறுமனே எழுதினால் தேதி தானாக மேலே போகும். பக்கத்தில் காலி அடைப்புக்குறி போட்டால் எதுவும் போகாது, ஆர்க்யுமென்ட்எரர் வரும்.

கருவிகளைப் பொறுத்தவரை, இதற்கெல்லாம் ஐஆர்பியே போதும். ரெயில்ஸ் கன்சோலைத் திறந்து காத்திருப்பது வீண். கையேட்டுக்கு 'ரி' கட்டளை, நெட் போனாலும் வேலை செய்யும்.

படி 3: எக்ஸ்டெண்ட்

ஒரே ஒரு படகுக்கு மட்டும் மெத்தட் வேண்டுமானால் அந்த ஆப்ஜெக்டில் எக்ஸ்டெண்ட். பழுதுபார்க்கக் கரையேற்றிய படகுக்கு இதைப் போடத் தோன்றும். போடாதீர்கள். சேர்த்ததைக் கழற்ற ரூபியில் வழி கிடையாது, படகு திரும்பக் கடலில் இறங்கியபிறகும் பழுதாகவே நிற்கும். அதற்குச் சாதாரண மாறி ஒன்று போதும்.

பின்சேர்க்கை: பிரிபெண்ட் போட்டும் வேலை செய்யவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் அதைத் தாய் கிளாஸான படகில் போட்டிருக்கிறார். அப்படிச் செய்தால் மாட்யூல் படகுக்குத்தான் முன்னால் நிற்கும், விசைப்படகுக்குப் பின்னால்தான். எந்த கிளாஸில் மெத்தட் இருக்கிறதோ அதிலேயே போடுங்கள்.

இன்னொன்று: குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, அதற்குத் தனி மாட்யூலா என்று கேட்டிருந்தார்கள். வேண்டாம். 415, 614 என்ற எண்களை மாட்யூலிலிருந்து எடுத்துவிட்டு, அங்கே 'தடைதொடக்கம்', 'தடைமுடிவு' என்று கேளுங்கள். அந்த இரண்டு மெத்தட்டுகளையும் கிளாஸ் தரட்டும். குமரி கிளாஸ் 601, 731 என்று சொல்லும், நம்முடையது பழைய எண்களைச் சொல்லும். தடைக்காலம் மாட்யூல் ஒன்றே இரண்டு கரைக்கும் ஓடும்.