சக மாணவர் சமரசம்: நடுவில் உட்காருபவர் நாட்டாமை அல்லர்

திருநெல்வேலிச் சீமையில் பஞ்சாயத்துப் பேசுவதைப் பிள்ளைகளுக்கு யாரும் தனியாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. வரப்புத் தகராறானாலும் கொடை விழாவுக்கான வரிப் பிரச்சினையானாலும், ஊர்ப் பெரியவர்கள் இரு தரப்பையும் நிற்கவைத்து விசாரித்துத் தீர்ப்புச் சொல்வதைப் பார்த்தே அவர்கள் வளர்கிறார்கள். அதனால் பள்ளியில் சமரசக் குழு அமைத்து, ஆசிரியரின் மேற்பார்வையில் சக மாணவர்களின் பிணக்கைப் பேசித் தீர்க்க உதவுங்கள் என்றதும், குற்றவாளியைக் கண்டுபிடிப்பதே தங்கள் வேலை என்று எண்ணிவிடுகிறார்கள். நான் பார்த்தவரையில் முதல் தவறு இதுதான். ஏனையவற்றுள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், இன்னொருவனுடைய சைக்கிளின் இரண்டு சக்கரங்களிலும் காற்றைப் பிடுங்கிவிட்டான். சமரசம் பேச வந்த மாணவி, "யாருலே முதல்ல ஆரம்பிச்சது?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியிலேயே இருவரும் வழக்காடத் தொடங்கினார்கள். காற்றுப் பிடுங்கியவன் மன்னிப்புக் கேட்டான், இருவரும் கைகுலுக்கினார்கள், பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. மூன்றாம் நாள் பேருந்து நிறுத்தத்தில் அதே இருவரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு பொறுமையாகக் கேட்டபோதுதான் விஷயம் வெளிவந்தது. காற்றுப் பிடுங்கியவனின் தாய் பீடி சுற்றிக் குடும்பத்தைக் காப்பவர். மற்றவன் பல வாரங்களாக அவனைப் 'பீடித்தட்டு' என்றே கூப்பிட்டு வந்திருக்கிறான். சைக்கிளைப் பற்றி மட்டும் பேசியவர்களுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்?

எனவே "யார் ஆரம்பித்தது", "ஏன் அப்படிச் செய்தாய்" போன்ற விசாரணைக் கேள்விகளைத் தவிர்த்து, "என்ன நடந்தது, அப்போது உனக்கு எப்படி இருந்தது, இனி என்ன நடந்தால் உனக்குச் சரியாக இருக்கும்" என்று இருவரிடமும் ஒரே அளவு நேரம் கொடுத்துக் கேட்க வேண்டும். ஒருவர் சொன்னதை மற்றவர் தம் வாயால் திருப்பிச் சொல்லச் செய்வது மிகவும் பயன் தரும். அந்தத் தாயின் உழைப்பைத் தான் கேலி செய்ததைத் தானே சொல்ல நேர்ந்தபோது, அந்த மாணவன் தலை குனிந்தது என் கண்ணிலேயே நிற்கிறது. தீர்வையும் அவர்களே சொல்ல வேண்டும். நடுவில் இருப்பவர் சொல்லும் தீர்வு எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், அதைக் காப்பாற்றும் பொறுப்பு தங்களுடையது என்று அவர்கள் எண்ணமாட்டார்கள்.

எல்லாப் பிணக்கையும் மாணவர்களே பேசித் தீர்த்துவிடலாம் என்று நம்புவது இதைவிட ஆபத்தான தவறு. சம நிலையில் இருக்கும் இருவருக்கிடையே மட்டுமே சமரசம் பொருந்தும். பலர் சேர்ந்து ஒருவரைத் தொடர்ந்து வதைப்பது, சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது, ஆயுதம், மிரட்டல், பாலியல் தொல்லை ஆகியவை மாணவர் கையில் விடக்கூடியவை அல்ல. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், உடன்பயின்றோர் தந்த தொல்லையைப் பள்ளியில் தெரியப்படுத்திய மாணவர் ஒருவர் தம் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் தப்பவில்லை. அத்தகைய நிலையில் பாதிக்கப்பட்டவரை எதிர்த்தரப்புக்கு முன்னால் உட்காரவைத்து "பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்பது அவரைக் காட்டிக்கொடுப்பதற்குச் சமம். உடனே தலைமையாசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும், பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணும் ஒவ்வொரு சமரச மாணவருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். குழந்தைகள் மீதான பாலியல் குற்றத்தை அறிந்தவர் காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கூறுகிறது. ஆகவே, "நீ சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று தொடக்கத்திலேயே சத்தியம் செய்துவிடாமல், "யாருக்கும் ஆபத்து இல்லாதவரை வெளியில் சொல்ல மாட்டேன்" என்று சொல்லப் பழக்க வேண்டும்.

குழுவுக்கு ஆள் எடுப்பதிலும் தவறு நடக்கிறது. நல்ல மதிப்பெண் பெறுவோரையும் வகுப்புத் தலைவர்களையும் மட்டும் சேர்த்தால், கடைசி பெஞ்சில் இருப்பவர்கள் அந்தப் பக்கமே வரமாட்டார்கள். நாங்குநேரிக்குப் பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியை உணர்த்தும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை கோரியது. மணிக்கட்டில் அந்தக் கயிறு இருக்கும்வரை, அதைக் கட்டியவர் எவ்வளவு நடுநிலையோடு பேசினாலும் எதிரில் இருப்பவரின் கண் கயிற்றின் நிறத்தில்தான் இருக்கும். ஆகவே பல தெருக்களையும் பல ஊர்களையும் சேர்ந்த மாணவ மாணவியர் கலந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பிணக்கிலும் இருவர் சேர்ந்து உட்கார வேண்டும். தரப்பினரின் நண்பரோ உறவினரோ அவர்களுள் ஒருவராக இருக்கக் கூடாது.

ஒப்புக்கொண்டதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. சைக்கிள் விஷயத்தில் எங்களைக் காப்பாற்றியது, ஒரு வாரம் கழித்து இருவரையும் தனித்தனியே அழைத்து, "இப்போ எப்படிடே இருக்கு?" என்று அந்த மாணவி கேட்டதுதான். பட்டப்பெயரைத் தன் வாயால் கூப்பிடுவது நின்றுவிட்டாலும், அதைத் தன்னிடமிருந்து கற்றுக்கொண்ட வேறு இருவர் இன்னும் கூப்பிடுவதாக ஒருவன் சொன்னான். அவர்களிடம் தானே பேசுவதாகவும் சொன்னான்.