*நெபோ: உருபேற்றால் வெளிப்படும் வானம்

ரஷ்யன் முதலிய ஸ்லாவிய மொழிகளுக்கெல்லாம் தாயான முதல்-ஸ்லாவிய மொழியில் வானத்துக்கு *நெபோ என்று பெயர் (நட்சத்திரக் குறி, எழுத்துச் சான்றில்லாமல் ஒப்பிட்டு மீட்டெடுத்த வடிவம் என்பதைக் காட்டும்). ரஷ்யன் கற்றவர்கள் இதைக் கண்டதும், ஓகாரத்தில் முடிகிறதே என்று *செலோ (ஊர்) வகையில் சேர்த்து, ஆறாம் வேற்றுமையை *நெபா என்று எழுதிவிடுகிறார்கள். சரியான வடிவம் *நெபெஸெ.

'மரம்' என்னும்போது காணாத 'அத்து', 'மரத்தை' என்றதும் தலைகாட்டுகிறதல்லவா? ஏறக்குறைய அதுபோலத்தான். ஆனால் அத்து இடையில் வந்து சேரும் சாரியை. இங்குள்ள -எஸ்- சொல்லின் சொந்த உறுப்பு. ஸ்லாவியம், சமஸ்கிருதம், கிரேக்கம் முதலியவற்றின் பொது மூதாதையான இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் இந்தச் சொல் -ஓஸ் என்று முடிந்தது. ஸ்லாவியத்தில் சொல்லிறுதி ஸகரம் உதிர்ந்தது; உருபுக்கு முன்னால் ஒளிந்திருந்த ஸகரம் பிழைத்தது. சமஸ்கிருதத்தில் நபஸ், ஆறாம் வேற்றுமையில் நபஸஸ் என்று இரண்டு இடத்திலும் அது அப்படியே இருக்கிறது. தமிழுக்கு வந்த 'நபம்' அந்த நபஸ்தான். (ஆண்பால் சொற்களில் அதே -ஓஸ் ஏன் வேறு உயிராக முடிந்தது என்பதில் அறிஞர்களின் சண்டை இன்னும் ஓயவில்லை.)

இன்றைய ரஷ்யனில் ஒருமை நெபோ, நெபா என்று எளிதாகிவிட்டது. பன்மை மட்டும் நெபெஸா. அதைப் பார்த்து -எஸ்- பன்மை விகுதி என்று முடிவு கட்டுவது காரியத்தைக் காரணமாக்குவது. பழைய திருச்சபை ஸ்லாவியத்தில் ஒருமையிலும் நெபெஸெ உண்டு.

பழைய திருச்சபை ஸ்லாவியத்தை முதல்-ஸ்லாவியமாகவே எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. கிறிஸ்தவ மதபோதகர்களான சிரிலும் மெத்தோடியஸும் 863இல் மொராவியாவுக்குப் புறப்பட்ட காலத்தை ஒட்டி ஏட்டில் ஏறிய மொழி அது. நட்சத்திரக் குறியிட்ட *நெபோவை யாரும் எழுதி வைக்கவில்லை, ஒப்பிட்டு மீட்டெடுத்தது. குறியை விட்டுவிட்டால் ஊகம் சான்றாகிவிடும்.

பொருளிலும் அவசரம் கூடாது. கிரேக்க நெஃபோஸ் மேகம்; லத்தீன் நெபுலா மூடுபனி; லித்துவேனிய தெபெஸிஸ் முதலெழுத்து மாறியும் மேகமே. பண்டைய அனத்தோலிய மொழியான ஹிட்டைட்டின் நெபிஸோ ஸ்லாவியத்தைப் போல வானம். மேகமே முதற்பொருள் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ரஷ்யனில் 'நியோபோ' என்றால் அண்ணம். அதைத் தனிச்சொல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அழுத்தம் பெற்ற எகரம் கடின மெய்க்கு முன் 'யோ' ஆவது அம்மொழியின் இயல்பு. அண்ணம் அந்த வழியே போனது. வானமோ திருச்சபை உச்சரிப்பைப் பற்றிக்கொண்டு நெபோவாகவே நின்றுவிட்டது. வாய்க்குள் கவிந்திருப்பதும் ஒரு வானம்தானே.