வட்டி ஒரு பக்கம், வரி ஒரு பக்கம்: கடை நோட்டு எழுதும் முறை

அம்பாசமுத்திரத்தில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் பற்று வரவு நோட்டோடு நாற்பது பக்க நோட்டு இன்னொன்றும் கிடக்கும். அதில் சரக்குக் கணக்கு கிடையாது. ரிசர்வ் வங்கி என்ன செய்தது, அரசாங்கம் என்ன செய்தது, அது என் கடைக்கு என்றைக்கு வந்து சேர்ந்தது, இவ்வளவுதான் எழுதுவேன். "அண்ணாச்சி, வட்டியக் கொறச்சிட்டாங்களாம்லா, எனக்கு மட்டும் ஏன் கொறையல?" என்று சாமான் வாங்க வருகிறவர்கள் கேட்பார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் பக்கத்தின் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடது பக்கம் ரிசர்வ் வங்கி. வலது பக்கம் அரசாங்கம், டெல்லியும் சென்னையும் சேர்த்து. செய்தி வந்தால் எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. வட்டி என்று வந்தாலே இடது பக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. போஸ்ட் ஆபீஸ் சேமிப்புக்கான வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிப்பது நிதி அமைச்சகம். 2025-ல் ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி பேங்குகளுக்குக் கொடுக்கும் கடனின் வட்டி, 6.5 சதவீதத்திலிருந்து 5.25-க்கு இறங்கியது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டமோ அந்த வருடம் முழுக்க 8.2-ஐ விட்டு அசையவில்லை. பேங்க் டெபாசிட்டைப் புதுப்பிக்கப் போன அம்மா முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்ததும், போஸ்ட் ஆபீஸிலிருந்து சிரித்துக்கொண்டு வந்ததும் அந்த ஒரே வருடத்தில்தான்.

இடது பக்கத்தில் முக்கியம் ரெப்போ. பேங்குக்குக் கைமாற்றாகப் பணம் வேண்டுமென்றால் தன்னிடமுள்ள அரசுக் கடன்பத்திரத்தை ரிசர்வ் வங்கியிடம் வைத்து வாங்கும், நாம் நகையை வைத்து வாங்குவதைப் போல. அந்த வட்டிதான் ரெப்போ. ஆறு பேர் குழு அதை முடிவு செய்கிறது. மூன்று பேர் ரிசர்வ் வங்கிக்காரர்கள், மூன்று பேர் மத்திய அரசு நியமிப்பவர்கள். 2016 முதல் இந்த ஏற்பாடு. பெரும்பாலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடுவார்கள். தேதி, ரெப்போ, அந்த மாதத்தின் விலைவாசி உயர்வு (போன வருடம் அதே மாதத்தைவிட விலை எத்தனை சதவீதம் கூடியது) மூன்றையும் ஒரே வரியில் எழுதுங்கள். விலைவாசி உயர்வுக்கு அவர்கள் வைத்திருக்கும் குறி 4 சதவீதம். இரண்டுக்குக் கீழே போனாலும் ஆறுக்கு மேலே போனாலும் கவலைப்பட ஆரம்பிப்பார்கள்.

என் நோட்டில் 2022 பக்கத்தைப் பாருங்கள். ஏப்ரலில் விலைவாசி உயர்வு 7.79. மே மாதம், வழக்கமான கூட்டத்துக்குக் காத்திருக்காமல், ரெப்போவை 4-லிருந்து 4.4 ஆக்கினார்கள். 2023 பிப்ரவரிக்குள் அது 6.5 ஆகிவிட்டது. கடன் வாங்கினால் கட்டுப்படியாகாது என்று நினைத்தால் ஜனங்கள் வண்டி, வீடு, கடை விஸ்தரிப்பு எல்லாவற்றையும் தள்ளிப்போடுவார்கள், வாங்க ஆள் குறைந்தால் விலை அடங்கும். அவர்கள் போடும் கணக்கு இதுதான்.

என் மச்சினன் 2021-ல் 20 லட்சம் வீட்டுக்கடன் வாங்கினான். வட்டி 7 சதவீதம், 20 வருடம், மாதத் தவணை 15,506 ரூபாய். ரெப்போ இரண்டரை ஏறிய பிறகும் தவணை அப்படியே இருந்தது. "அத்தான், எனக்கு ஏறவே இல்ல" என்று பெருமையாகச் சொன்னான். கால்குலேட்டரை எடுத்தேன். 9.5 சதவீதத்தில் 20 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி மட்டுமே 15,833. அதற்குள் அசல் கொஞ்சம் குறைந்திருந்ததால் தப்பித்தான். அப்படியும் மாதம் முந்நூறு ரூபாய்கூட அசலில் கழியவில்லை. பேங்க் தவணையை ஏற்றாமல் வருடத்தை நீட்டிவிட்டது. இந்த மாதிரி சமயத்தில் தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டிலும் கொஞ்சமா என்று கடன் வாங்கியவரிடம் பேங்க் கேட்டாக வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. மெசேஜ் வந்ததா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் நேரில் போய் எழுதிக் கொடுங்கள்.

ஏறும்போது இப்படி என்றால் இறங்கும்போது வேறு மாதிரி. 2019 அக்டோபர் 1-லிருந்து, வட்டி மாறும் வகையில் புதிதாகக் கொடுக்கும் வீட்டுக்கடனையும் சிறுதொழில் கடனையும் ரெப்போ போல வெளியே இருக்கும் ஒரு வட்டியோடு பேங்குகள் கட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மாற்றியும் ஆக வேண்டும். அதற்கு முன்னால் வாங்கிய கடன் இந்த முறைக்குத் தானாக மாறாது. என் கடைக் கடன் பழைய எம்.சி.எல்.ஆர். முறையில், அதாவது பேங்க் தன் பணச்செலவை வைத்துத் தானே வட்டியைக் கணக்கிடும் முறையில், இருந்தது. அது ஒன்றரை வருடம் எனக்கே தெரியாது, பேங்கிலும் யாரும் சொல்லவில்லை. கடிதம் கொடுத்து, சின்னதாக ஒரு கட்டணம் கட்டித்தான் மாற்றினேன். என் கடன் எதோடு கட்டியிருக்கிறது, அடுத்து மாற்றும் தேதி எது என்ற இரண்டு கேள்வியையும் கேட்டு, பதிலை நோட்டின் அட்டையிலேயே எழுதி வைத்திருக்கிறேன். பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்த அன்றைக்கே ஸ்ரீவைகுண்டத்துக் கடைமடையில் நாற்று நட முடியுமா? நாம் எந்த மடையில் நிற்கிறோம் என்று தெரிய வேண்டும்.

ரிசர்வ் வங்கியால் ஆகாததும் உண்டு. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியது. திருநெல்வேலி நயினார்குளம் மார்க்கெட்டில் பேசி வாங்குவதற்குள் வாய் வலித்துவிடும். நாட்டின் விலைவாசி உயர்வு 7.44-க்குப் போயிற்று. ஆகஸ்டில் ரெப்போவைத் தொடவில்லை. வட்டியை ஏற்றினால் தக்காளி காய்க்கப் போவதில்லையே. கொள்முதல் செய்து மலிவாக விற்பது அரசாங்கத்தின் வேலை, வலது பக்கம்.

அந்தப் பக்கத்தில் பிப்ரவரி 1 பட்ஜெட் உரையைக் கேட்டு எழுதாதீர்கள், கை வலிக்கும். ஒரு ரூபாய் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று ஒரு படம் போடுவார்கள், அது போதும். 2025-26-ல் வரும் ரூபாயில் 24 பைசா கடன். போகும் ரூபாயில் 20 பைசா பழைய கடனுக்கு வட்டி. என் கடை இப்படி நடந்தால் வீட்டில் சோறு கிடைக்காது. ஆனால் அரசாங்கம் கடையல்ல. 2020-21-ல் ஊரே அடைந்து கிடந்தபோது மத்திய அரசின் நிதிப் பற்றாக்குறை (வரவுக்கு மேல் செய்த செலவு) நாட்டு உற்பத்தியில் 9.2 சதவீதம் வரை போனது. ரெப்போவும் 4-ல் கிடந்தது. இரண்டு பக்கமும் சேர்ந்து தள்ளிய வண்டி அது. 2025-லும் அப்படித்தான்: புது வரி முறையில் 12 லட்சம் வரை வருமான வரி இல்லை, ஜி.எஸ்.டி. குறைந்தது, ரெப்போவும் இறங்கியது. அந்த வருடம் விலைவாசி உயர்வு அடங்கியிருந்ததால் தைரியமாகத் தள்ள முடிந்தது, அக்டோபரில் அது வெறும் 0.25.

கடையில் எனக்குப் பளிச்சென்று தெரிவது வலது பக்கம்தான். 2023 செப்டம்பர் 15-ல் மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் ரூபாய் வர ஆரம்பித்தது. பணம் வந்த இரண்டு மூன்று நாளில் பழைய பற்று அடைபடும், அப்புறம் பிஸ்கட்டும் எண்ணெயும் போகும். 2025 செப்டம்பர் 22-ல் சோப்பு, ஷாம்பு, தலைக்குத் தேய்க்கிற எண்ணெய், பிஸ்கட் எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதத்துக்கு வந்தது. பழைய விலை அச்சடித்த சோப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் புது விலையை விளக்கியே அந்த வாரம் போயிற்று.

பட்ஜெட்டில் வராத செய்திக்கும் இடம் விடுங்கள். இறக்குமதி வரி எந்த ராத்திரியும் மாறும். 2024 செப்டம்பரில், தீபாவளிக்கு முன்னால், கச்சா பாமாயிலின் அடிப்படை இறக்குமதி வரியை பூஜ்யத்திலிருந்து 20 ஆக்கினார்கள். 2025 மே கடைசியில் 10 ஆகக் குறைத்தார்கள். இரண்டுக்கும் எதிரே 'கடைக்கு வந்த தேதி' எழுதியிருக்கிறேன். ஏறியது மூன்றாம் நாள் வந்தது. இறங்கியதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. எண்ணெய் ஏஜென்டிடம் நோட்டைக் காட்டினேன். "பழைய சரக்கு அண்ணாச்சி, தீரட்டும்" என்றார். வரி ஏறிய அன்றைக்கும் அவர் குடோனில் இருந்தது பழைய சரக்குதான்.