புது லைட் மாட்டினதும் பவளம் வெளுக்குதா? நாம பண்ற தப்புகள் இதுதான்

பழைய டி5 டியூப்ப (மெலிசான டியூப் லைட்) கழட்டிட்டு புது எல்இடி மாட்டின அன்னைக்கு ராத்திரி, வீட்ல பவளம் வளக்குற உப்புத்தண்ணி டேங்க் முன்னாடி உக்காந்து பாக்குறப்போ வர்ற சந்தோஷம் எனக்கு நல்லா தெரியும். ஆனா அந்த முதல் வாரத்துல பண்ற தப்புனாலதான் நெறைய வீட்ல பவளம் வெளுத்துப் போகுது. தப்பு பண்ணின அன்னைக்கு ஒண்ணுமே தெரியாது, பத்து பதினஞ்சு நாள் கழிச்சுதான் தெரியும், அதுக்குள்ள நாம லைட்ட இன்னும் ரெண்டு தடவ ஏத்தியிருப்போம். கஷ்டமே அங்கதான் இருக்கு.

என்னோடது சென்னைல ஒரு ரெண்டடி டேங்க். நடுக்கல்லு மேல ஒரு டோட்ஸ்டூல் லெதர், குடை மாதிரி விரியுற சாஃப்ட் கோரல், ஓரத்துல கொஞ்சம் மஷ்ரூம், கொஞ்சம் சோவான்னு இன்னும் ரெண்டு வகை. எல்இடி மாட்டி ப்ளூ நூறு சதவீதம், வைட் இருபது சதவீதம்னு வெச்சேன், கண்ணுக்கு பழைய டியூப்ப விட மங்கலாத்தான் தெரிஞ்சுது. மூணாவது நாள் லெதர் பாலிப்ப, அதாவது பூ மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குற குட்டி குட்டி கைகள, உள்ள இழுத்துக்கிச்சு. லெதர் அப்பப்ப மெழுகு மாதிரி ஒரு தோல உரிக்கும், அதுக்கு முன்னாடி சில நாள் மூடிக்கிட்டுதான் இருக்கும், அதனால இது வழக்கமா நடக்குறதுதான்னு விட்டுட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு டார்ச் அடிச்சு கிட்ட போய் பாத்தா குடைல ஒரு பாதி அவிச்ச முட்டையோட வெள்ளக்கரு மாதிரி இருக்கு, மேல நீட்டிக்கிட்டு இருந்த கல்லோட நிழல் விழுற இன்னொரு பாதி பழைய பழுப்புலயே இருக்கு, நடுவுல கோடு கிழிச்ச மாதிரி. அதே தண்ணி, அதே உப்பு, அதே சூடு. ரெண்டு பாதிக்கும் வித்தியாசம் வெளிச்சம் மட்டும்தான்.

ஏன் இப்படி ஆகுதுன்னு புரிஞ்சா பாதி தப்பு தானா நின்னுடும். பவளத்தோட சதைக்குள்ள சூசாந்தெல்லேன்னு ஒரு செல் பாசி குடியிருக்கு, அது வெளிச்சத்துல சமைச்சுக் கொடுக்குற சாப்பாட்டுலதான் பவளம் பெரும்பாலும் வாழுது. வெளிச்சம் கம்மியா இருக்குற எடத்துல அந்த பாசி பச்சையத்த அதிகமாக்கிக்கிட்டு, கிடைக்குற கொஞ்சத்தையும் புடிக்கப் பாக்கும், அதனாலதான் மங்கலான டேங்க்ல பவளம் பழுப்பா தெரியும். அப்படி பசியோட வாயத் தொறந்து வெச்சிருக்குறவன் மேல திடீர்னு நாலு மடங்கு வெளிச்சத்த கொட்டினா பாசியால அத்தனையும் செலவு பண்ண முடியாது, செல்லுக்குள்ள கெடுதல் பண்ற ஆக்சிஜன் வகைகள் பெருகும், பவளம் தன்னைக் காப்பாத்திக்க அந்த பாசியவே வெளிய தள்ளிடும். நாம பாக்குற வெள்ள நிறம் அதுதான். மெதுவா ஏத்தினா பாசி பச்சையத்தக் குறைச்சுக்கும், சில பவளம் கலர் புரதத்த உண்டாக்கி குடை மாதிரி பிடிச்சுக்கும். ஆனா அதுக்கு வாரக்கணக்குல டைம் வேணும்.

நாம பண்ற முதல் தப்பு கண்ண நம்புறது. நம்ம கண்ணுக்கு பகல்ல 555 நானோமீட்டர் பக்கம் இருக்குற பச்சை கலந்த மஞ்சள்தான் பளிச்சுன்னு தெரியும், பவள டேங்க்குக்குன்னு வர்ற ரீஃப் லைட்ல இருக்குற ராயல் ப்ளூ 450 பக்கம், அது கண்ணுக்கு மங்கல், ஆனா பாசிக்கு அதுதான் விருந்து. அதனால "ப்ளூ மட்டும்தானே போட்டிருக்கேன், கம்மியாத்தான் இருக்கும்"னு நினைக்காதீங்க. போன்ல இருக்குற லக்ஸ் ஆப்பும் மனுஷக் கண்ணு கணக்குலதான் அளக்கும், ப்ளூ லைட்டுக்கு அது உதவாது. அளக்க வேண்டியது பார் (PAR)னு சொல்ற அளவு, 400லேர்ந்து 700 நானோமீட்டர் வரைக்கும் இருக்குற வெளிச்சத்த எண்ணிச் சொல்லும். அபோஜி எம்கியூ-510 மாதிரி தண்ணிக்குள்ள வெக்குற மீட்டர் வெல ஜாஸ்தி, தெரிஞ்ச நாலு பேர் சேந்து ஒண்ணு வாங்கிக்கிட்டா எல்லார் டேங்க்குக்கும் ஆகும், ஒரு டேங்க்க அளக்க ஒரு சாயங்காலம் போதும். மஷ்ரூமுக்கு 50லேர்ந்து 100, சாஃப்ட் கோரல், எல்பிஎஸ்ஸுக்கு (பெரிய பாலிப் இருக்குற கல் பவளம்) ஏறக்குறைய 75லேர்ந்து 150, எஸ்பிஎஸ்ஸுக்கு (சின்ன பாலிப் இருக்குற கல் பவளம்) 200க்கு மேலன்னு ஒரு தோராயக் கணக்கு சொல்வாங்க. ஆனா அது போய் சேர வேண்டிய எடம், முதல் நாளே அங்க கொண்டு போய் நிறுத்தினா வெளுக்கத்தான் செய்யும்.

அடுத்தது பலபேர் பாதுகாப்புன்னு நினைச்சு பண்றது. லைட்ட முழு பவர்ல வெச்சுட்டு நேரத்த மட்டும் நாலு மணி நேரமா குறைக்குறாங்க. அந்த ஒவ்வொரு நிமிஷமும் பாசியால எவ்வளவு தாங்க முடியுங்குறதுதான் கணக்கு, மொத்த நேரத்த குறைச்சதால உச்சி வெயில் தணிஞ்சிடாது. குறைக்க வேண்டியது பவர். நேரம், காலைல மெல்ல ஏறுறது சாயங்காலம் மெல்ல எறங்குறது எல்லாம் சேத்து எட்டு மணி நேரம் இருந்தா போதும்.

மீட்டர் இருந்தா பழைய லைட்ட கழட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பவளத்துக்கு பக்கத்துலயும் பார் எவ்வளவுன்னு எழுதி வெச்சுக்கோங்க, புது லைட்ட அதே அளவுக்கோ கொஞ்சம் கீழயோ செட் பண்ணுங்க. மீட்டர் இல்லேன்னா 20, 30 சதவீதத்துல ஆரம்பிச்சு வாரத்துக்கு அஞ்சு அஞ்சா ஏத்துங்க. ஏத்துறதுக்கு முன்னாடி போன வாரம் ஏத்தினதுக்கு பவளம் எப்படி இருக்குன்னு பாருங்க, மூடிக்கிட்டு இருந்தா அந்த வாரம் ஏத்தாதீங்க. ரேடியான், ஏஐ (அக்வா இல்யூமினேஷன்) மாதிரி கம்பெனி லைட்ல ஆப்லயே, பவர தானா மெல்ல ஏத்துற அக்ளிமேஷன் மோட் இருக்கு, அத தயவுசெஞ்சு யூஸ் பண்ணுங்க. பவர் குறைக்க வசதியே இல்லாத லைட்னா ஜன்னல்ல அடிக்குற ஃபைபர் கொசு வலைய நாலு மடிப்பா மேல போட்டு வாரம் ஒரு மடிப்பு எடுங்க. இரும்பு, பித்தளை வலை வேண்டாம், உப்புக்காத்துல துரு புடிச்சு சொட்டும், பித்தளைல இருக்குற செம்பு பவளத்துக்கு விஷம்.

கடைல வாங்கிட்டு வர்றப்பவும் இதே கதைதான். கடைக்காரர்கிட்ட எந்த லைட்டுக்கு கீழ எவ்வளவு நாளா வெச்சிருந்தாருன்னு கேளுங்க. அவர் நல்ல வெளிச்சத்துல வெச்சிருந்தா கூட, பார்சல்ல ரெண்டு நாள் இருட்டுல கெடந்து வந்தத நேரா உச்சில வெக்காதீங்க. அதோட, இத சொல்லாம போக முடியல, மன்னார் வளைகுடாவுலேர்ந்தோ வேற எந்த நம்ம கடல்லேர்ந்தோ ஒடச்சு எடுத்த பவளம்னு தெரிஞ்சா வாங்கவே வாங்காதீங்க, கல் பவளம் எல்லாம் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972ல முதல் அட்டவணைல இருக்கு.

கொஞ்சம் வாடினாலே எடத்த மாத்துறதும் தப்பு. இன்னைக்கு கீழ, நாளைக்கு ஓரம், மறுநாள் கல்லுக்கு பின்னாடின்னு தூக்கிக்கிட்டே இருந்தா வெளிச்சமும் நீரோட்டமும் சேந்து மாறும், அது எதுக்குத்தான் பழகும்? ஒரு எடத்துல வெச்சுட்டு லைட்ட மாத்துங்க.

லைட்டே மாத்தாம வெளிச்சம் கூடிப்போற சமயமும் உண்டு, இத யாரும் யோசிக்குறதில்ல. ரொம்ப நாள் கழிச்சு கார்பன் (தண்ணிய தெளிய வெக்குற கரி) போட்டா தண்ணில இருந்த மஞ்சள் போயி ஒரே நாள்ல தெளிஞ்சிடும், மூடி கண்ணாடில படிஞ்ச உப்ப தொடச்சாலும் அப்படித்தான், ஒரு வருஷம் ஓடி மங்கிப்போன டி5 டியூப் எல்லாத்தையும் ஒரே நாள்ல புதுசா மாத்தினாலும் அப்படித்தான். கார்பன கொஞ்சமா போடுங்க, டியூப்ப வாரத்துக்கு ஒண்ணுன்னு மாத்துங்க.

நம்ம ஊருக்குன்னு ரெண்டு விஷயம். ஒண்ணு, ஏப்ரல் மே மாசத்துல புது லைட் பழக்காதீங்க. சூடு ஏறிட்டா அதே வெளிச்சத்த கூட பாசியால தாங்க முடியாது, கடல்லயும் வெளுக்குறது அப்படித்தான், மன்னார் வளைகுடால 2010லயும் 2016லயும் வெயில் காலத்துல கடல் சூடாகித்தான் பவளம் வெளுத்துது. சில்லர் (தண்ணிய குளிர வெக்குற மெஷின்) இல்லாம தண்ணி 30 டிகிரி தாண்டுற வீட்ல மழை காலம் வரைக்கும் பொறுங்க. ரெண்டாவது கரண்ட் கட். சில லைட்டு கரண்ட் போயி வந்தா செட்டிங்க மறந்துட்டு நூறுல போய் நிக்கும், நீங்க ஆபிஸ்ல இருப்பீங்க. மாட்டின அன்னைக்கே ஒரு தடவ ஸ்விட்ச்ச ஆஃப் பண்ணி ஆன் பண்ணி பாத்துடுங்க.

கண்ணாடிலயும் கல்லுலயும் படியுற பாசி வரக்கூடாதுன்னு, தண்ணில சத்தா இருக்குற நைட்ரேட், பாஸ்பேட் ரெண்டையும் சைபருக்கு கொண்டுபோய் வெச்சுட்டு வெளிச்சத்த ஏத்துறதும் வேண்டாம். பட்டினி கெடக்குற பவளம்தான் சீக்கிரம் வெளுக்கும்.

வெளுத்துடுச்சுன்னா செத்துடுச்சுன்னு தூக்கிப் போடாதீங்க, நெறைய பேர் இங்கதான் அவசரப்படுறாங்க. சதை ஒட்டிக்கிட்டு இருக்குற வரைக்கும் உயிர் இருக்கு. வெளிச்சத்த பாதியா குறைங்க, எடத்த மாத்தாதீங்க, பெரிய வாய் இருக்குற வகைனா வாரத்துல ரெண்டு நாள் லைட் அணைஞ்சப்புறம் உருக வெச்ச மைசிஸ (ஐஸ்ல வெச்சு விக்குற, இறால் மாதிரி குட்டி உயிர்) பொடிசா கொடுங்க, லெதர் மாதிரினா நல்ல நீரோட்டம் படுறாப்ல பாத்துக்கோங்க. என்னோட லெதருக்கு ஏழு வாரம் ஆச்சு, மொதல்ல அந்த கோட்டுக்கு பக்கத்துல லேசா ஒரு பழுப்பு, அப்புறம் ஒரு நாள் காலைல அந்த வெள்ளைப் பாதிலயும் ஊசி முனை மாதிரி பாலிப் நாலஞ்சு வெளிய வந்துச்சு.