தீபாவளிக்கு வீடு நிறைய ஆள் இருக்கும்போது சூப் வைப்பது எப்படி

தீபாவளி அன்று சாயங்காலம் யாருக்கும் பசி இருக்காது, ஆனால் வாய் சும்மா இருக்காது. காலையில் லேகியத்தில் ஆரம்பித்து இட்லி, கறிக்குழம்பு, வடை, அதிரசம், முறுக்கு என்று போய், மதியம் முழுச் சாப்பாடும் முடிந்த பிறகு ராத்திரிக்குத் தோசை வார்க்கவா என்று கேட்டால் எல்லோரும் வேண்டாம் என்பார்கள், அப்புறம் ஒன்பது மணிக்கு ஒவ்வொருவராக அடுப்படிக்கு வந்து எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று திறந்து பார்ப்பார்கள். ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டால் சூடாக, காரமாக, இனிப்பே இல்லாமல் ஏதாவது வேண்டும் போலிருக்கும். அதற்குச் சூப்தான் சரி. தமிழ்நாட்டில் சாயங்காலம் வெடிக்கு அனுமதித்த நேரம் 7 முதல் 8 வரை என்பதால், எட்டு மணிக்குப் பிள்ளைகள் உள்ளே வரும்போது அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தால் போதும்.

முதலில் அளவு. டீ டம்ளரில் ஆளுக்கு 150 மில்லி என்று வைத்தால் 15 பேருக்கு இரண்டே கால் லிட்டர் ஆகும். இரண்டாம் தடவை கேட்பவர்கள் இருப்பார்கள், அதனால் 3 லிட்டராகவே வையுங்கள். ஹோட்டல் சூப் மாதிரி சோள மாவு கரைத்துக் கெட்டியாக்க வேண்டாம், வயிறு ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. தண்ணியாக, தெளிவாக, மிளகு தூக்கலாக இருப்பதுதான் அன்றைக்கு இறங்கும்.

கேதார கௌரி நோன்பு எடுக்கிற வீடு என்றால் அன்று கறி கிடையாது, எலும்பு சூப்பை நோன்பு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற வீடுகளில் எப்படியும் கறி வாங்கத்தான் போகிறோம், அதோடு சேர்த்து ஒரு கிலோ நெஞ்செலும்பு சொல்லிவிடலாம். தீபாவளி அன்று விடியும் முன்பே கறிக்கடையில் கூட்டம் நிற்கும், அங்கே போய் நிதானமாகப் பேச முடியாது, முந்தின நாளே சொல்லி வையுங்கள். சூப்புக்கு என்று சொன்னால் சின்னதாக வெட்டித் தருவார்கள். ஆட்டுக்கால் வேண்டுமென்றால் வாட்டி, முடியைச் சுத்தமாகச் சுரண்டி வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டில் அந்த வேலையை வைத்துக்கொண்டால் பண்டிகை அதிலேயே போய்விடும்.

எலும்பை மஞ்சள் தூள் போட்டு இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள். ஒன்றரை மேசைக்கரண்டி மிளகு, இரண்டு மேசைக்கரண்டி சீரகம், அதே அளவு மல்லி விதை, அரைத் தேக்கரண்டி சோம்பு, இவற்றை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து ஒன்றிரண்டாகப் பொடித்து, பாதியைத் தனியே எடுத்து வையுங்கள். குக்கரில் நல்லெண்ணெய் விட்டு, தட்டிய சின்ன வெங்காயம் இருபது, ஒரு முழுப் பூண்டு, இரண்டு அங்குல இஞ்சி, கறிவேப்பிலை போட்டு வதக்கி, இரண்டு தக்காளி, மஞ்சள் தூள், எலும்பு, மீதிப் பாதிப் பொடி எல்லாம் சேர்த்துப் பிரட்டி 2 லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். ஐந்து லிட்டர் குக்கருக்கு இதுதான் எல்லை. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பினால் விசில் வழியாகச் சூப் அடுப்பில் வழியும், ஆவி போகிற துளையும் அடைத்துக்கொள்ளும். குறையும் ஒரு லிட்டரைக் குக்கர் திறந்த பிறகு வெந்நீராக ஊற்றிக் கொதிக்கவிட்டால் போதும். நெஞ்செலும்புக்கு ஆறேழு விசில், பிறகு சிம்மில் கால் மணி நேரம். ஆட்டுக்கால் என்றால் முக்கால் மணி நேரமாவது வேக வேண்டும்.

உப்பைக் கடைசியில் போடுங்கள். சூப் அடுப்பிலேயே இருந்து சுண்டச் சுண்ட உப்பு ஏறிக்கொண்டே போகும், முதலிலேயே சரியாகப் போட்டால் கடைசி டம்ளர் குடிக்கிறவருக்குக் கரிக்கும். எடுத்து வைத்த பொடியும் கடைசியில்தான். அதைப் போடுவதற்கு முன்பே பிள்ளைகளுக்கு வேண்டியதை எடுத்துவிட்டால் காரம் என்ற பஞ்சாயத்தே வராது.

இதை முந்தின நாள் ராத்திரியே வைத்து ஃப்ரிட்ஜில் வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. காலையில் கொழுப்பு மேலே வெள்ளையாக ஆடை கட்டி நிற்கும், கரண்டியால் தட்டினால் பாளம் பாளமாக வரும், வேண்டாதவர்கள் எடுத்துவிடலாம். கால் சூப் மொத்தமும் அல்வா மாதிரி ஆடும். கெட்டுப்போய்விட்டது என்று யாராவது கொட்டிவிடப் போகிறார்கள், சொல்லி வையுங்கள்! காலில் இருக்கிற பசைதான் அப்படி உறைகிறது, சூடு பண்ணினால் பழையபடி தண்ணீராகிவிடும்.

சைவத்துக்கு எங்கள் வீட்டில் வாழைத்தண்டுதான். மேல் மட்டையை உரித்து வெள்ளைத் தண்டை வட்டமாக நறுக்கும்போது, ஒவ்வொரு வில்லைக்கும் நடுவே நார் இழுத்துக்கொண்டு வரும். அதை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டே போய் மொத்தமாக உருவி எறிய வேண்டும். பிறகு பொடியாக நறுக்கி நீர்மோரில் போட்டால் கறுக்காது. சாம்பாருக்குத் துவரம்பருப்பு வேகவைக்கும்போதே கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் வைத்து, மேலே நிற்கும் தெளிவை ஒரு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். மோரை வடித்துவிட்டுத் தண்டை அந்தப் பருப்புத் தண்ணீரில் வேகவிட்டு, பாதியை அரைத்து வடிகட்டி, பாதியை அப்படியே விட்டு, மிளகு சீரகப் பொடி, உப்பு, மல்லித்தழை போட்டு இறக்கினால் முடிந்தது. கொஞ்சம் எலுமிச்சைச்சாறு விடலாம், ஆனால் அடுப்பை அணைத்த பிறகு.

முருங்கைக்கீரையும் இதே பருப்புத் தண்ணீரில் வரும். வடிகட்டப் போகிறோம் என்பதால் கீரையை ஒவ்வொன்றாக ஆய்ந்துகொண்டிருக்க வேண்டாம், இளம் ஈர்க்கோடு போட்டுவிடலாம், சாறு அதிலும் இருக்கிறது. ராத்திரி கீரை ஆகாது என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், எனவே இதை மறுநாள் பதினோரு மணிக்கு, டீக்குப் பதிலாகக் கொடுங்கள். நாமக்கல் பக்கமிருந்து யாராவது வருகிறார்கள் என்றால் கொல்லிமலை முடவாட்டுக்கால் கிழங்கு வாங்கிவரச் சொல்லுங்கள். மேலே இருக்கிற பழுப்பு நிற ரோமத்தைச் சீவிவிட்டு, நறுக்கித் தட்டி, கால் சூப்புக்குச் சொன்ன அதே மசாலாவில் வைத்தால் சைவக்காரர்களும் ஆட்டுக்கால் சூப் குடித்த மாதிரிதான்.

பிள்ளைகளுக்குத் தக்காளி சூப் போதும். ஒரு கிலோ தக்காளி, ஒரு கேரட், நிறத்துக்கு ஒரு துண்டு பீட்ரூட், வெங்காயம், நாலு பல் பூண்டு, குக்கரில் இரண்டு விசில். ஆறிய பிறகு அரைத்து வடிகட்டி, வெண்ணெய் போட்டுக் கொதிக்கவிட்டு, புளிப்பு அதிகமென்றால் ஒரு தேக்கரண்டி சர்க்கரை. சூடாக மிக்ஸியில் போட்டு மூடியை அழுத்தாதீர்கள், ஆவியில் மூடி எகிறும். பிரெட்டை நெய்யில் வறுத்துப் போட வேண்டுமென்பதில்லை, வீட்டில் ஓமப்பொடி கிடக்கிறதே.

சைவ சூப்புக்கும் கறி சூப்புக்கும் கரண்டியைத் தனித்தனியாக வையுங்கள், கூட்டத்தில் யாராவது மாற்றிப் போட்டுவிடுவார்கள்.

மிஞ்சியதை விடிய விடிய அடுப்பு மேலேயே விடக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஃப்ரிட்ஜில் வைத்து, எடுக்கும்போது தளதளவென்று கொதிக்கவிடுங்கள். எலும்பு சூப் மிஞ்சினால் மறுநாள் குழம்புக்குத் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றலாம், தக்காளி சூப்பில் கொஞ்சம் புளித்தண்ணீர், பெருங்காயம் சேர்த்துக் கடுகு தாளித்தால் ரசமாகிவிடும், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.