கதவோரத்து ஜப்பான் ஸ்டிக்கரை உரித்துப் போடாதீர்கள்

ஜப்பானில் இருந்து ரீகண்டிஷன் கார் கைக்கு வந்ததும் பலர் முதலில் செய்கிற வேலை, கதவோரத்திலும் பொனட்டுக்குள்ளும் ஒட்டியிருக்கிற புரியாத ஸ்டிக்கர்களை எல்லாம் உரித்துவிட்டுக் கழுவுவது. தயவுசெய்து வேண்டாம். 2020 மார்ச்சில் நின்ற இறக்குமதி 2025 பெப்ரவரியில் இலங்கையில் மறுபடி திறந்த பிறகு இவ்வளவு காசு கொடுத்து வாங்குகிறோம், அந்தக் காரைப் பற்றி விற்கிறவர் சொல்லாத விஷயங்கள் அந்த ஸ்டிக்கர்களில்தான் இருக்கின்றன. வாசிக்க ஜப்பான் மொழி படிக்கத் தேவையில்லை. எண்களும் சில எழுத்து வடிவங்களும் தெரிந்தால் போதும், மிச்சத்துக்கு போனில் கமெரா மொழிபெயர்ப்பு இருக்கிறது.

முதலில் சாரதி பக்கக் கதவைத் திறந்து பாருங்கள். கையால் எழுதிய சின்ன ஸ்டிக்கர் ஒன்று இருந்தால் அது அங்கே ஒயில் மாற்றிய கராஜ் ஒட்டியது, ஒரு திகதியும் ஒரு கிலோமீற்றர் கணக்கும் இருக்கும். திகதி வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் வரும். மாதத்துக்கான எழுத்து கீழே திறந்த ஏணி மாதிரி, நாளுக்கானது நடுவே கோடு போட்ட பெட்டி மாதிரி. வருடம் 28 என்று இருந்தால் அது ஹெய்செய் ஆண்டு (ஜப்பான் பேரரசர் ஆட்சியை வைத்து எண்ணும் கணக்கு), 1988ஐக் கூட்டுங்கள், 2016 வரும். 2019 மே 1 முதல் ரெய்வா ஆண்டு, அதற்கு 2018ஐக் கூட்ட வேண்டும், ஆகவே ரெய்வா 4 என்றால் 2022. சில கராஜ்கள் 2016ஐ வெறும் 16 என்றும் எழுதும், அதனால் காரின் முதல் பதிவு வருடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கிலோமீற்றர் கணக்கில் ஒரு விஷயம் கவனம். 'ஜிகாய்' என்றால் அடுத்த முறை. அந்தச் சொல் இருந்தால், எழுதியிருப்பது அடுத்த ஒயில் மாற்ற வேண்டிய கணக்கு, அது மீற்றரை விட சில ஆயிரம் கூடுதலாக இருப்பது சாதாரணம். ஆனால் 2017இல் ஒட்டிய ஸ்டிக்கரில் 84,000 என்றும் இன்றைக்கு மீற்றரில் 46,000 என்றும் இருந்தால், மீற்றரைக் குறைத்திருக்கிறார்கள், பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

பக்கத்திலேயே அச்சடித்த ரயர் காற்று லேபிள் இருக்கும். அது கிலோபாஸ்கலில் இருக்கும், நம் ஊர்க் கணக்கு பிஎஸ்ஐ. 7ஆல் வகுத்துவிடுங்கள். 240 என்றால் 34, 35. 'சென்ரின்' முன் சக்கரம், 'கோரின்' பின் சக்கரம், இரண்டுக்கும் வேறு வேறு அளவு இருக்கலாம்.

எரிபொருள் மூடிப் பக்கம்: 'ரெகியுரா' என்றால் சாதாரண பெற்றோல். ஜப்பானில் அதற்கு ஒக்டேன் 89 இருந்தால் போதும், ஆகவே இங்கே 92 அடிக்கலாம். 'ஹைஓகு' என்று இருந்தால் 95. 'கேயு' டீசல். போன் இதை சிலவேளை 'லேசான எண்ணெய்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிடும், அதை நம்பி பெற்றோல் அடித்துவிடாதீர்கள்.

சரி, பாகங்கள். ஜப்பான் உள்ளூர்க் கார்களுக்கு மற்ற நாட்டுக் கார்களில் வருகிற 17 எழுத்து அடையாள எண் (விஐஎன்) கிடையாது, செசி நம்பர்தான். எஞ்சின் அறையின் பின்சுவரிலோ கதவுத் தூணிலோ உள்ள தகட்டில் அது இருக்கும். ரொயோட்டாவின் முதல் தலைமுறை அக்வாவுக்கு என்எச்பி10, கோடு, பிறகு ஏழு இலக்கம். தகட்டில் மொடல் என்ற வரியில் என்எச்பி10க்குப் பின்னால் வருகிற எழுத்துகள் அது எந்தக் கிரேட் என்று சொல்லும். முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கிற டிஏஏ, டிபிஏ எல்லாம் புகை விதிக் குறியீடு, பாகம் வாங்க அது வேண்டியதில்லை. நான் ஒருமுறை சுசுகி 'வாகன் ஆர், 2017' என்று மட்டும் சொல்லி ஹெட்லைட் வாங்கி வந்து, பொருந்தாமல் ஒரு நாள் முழுக்க அலைந்தேன். 2017 பெப்ரவரியில் அந்தக் காரே மாறிவிட்டது, எம்எச்44எஸ் வேறு, எம்எச்55எஸ் வேறு. கொழும்பில் பாகம் விற்கிற பஞ்சிகாவத்தைக்குப் போனாலும் வேறெங்கு போனாலும் செசி நம்பரைப் படமெடுத்துக்கொண்டு போங்கள், வருடத்தைச் சொல்லிக் கேட்காதீர்கள்.

பாகம் வருகிற பெட்டியில் 'ஹின்பான்' என்பது பாக இலக்கம், 'ஜுன்செய்' என்றால் கம்பனி அசல். ரொயோட்டாவில் ஐந்தும் ஐந்துமாக பத்து இலக்கம், முதல் ஐந்து என்ன பாகம் என்று சொல்லும்: 04465 முன் பிரேக் பேட், 17801 எயார் பில்டர், 90915 ஒயில் பில்டர். பின் ஐந்துதான் உங்கள் காருக்கானதா என்று சொல்வது, முதல் ஐந்து மட்டும் பொருந்தியதென்று வாங்கிவிடாதீர்கள். ஹொண்டாவில் ஐந்து, மூன்று, மூன்று. அப்புறம் இடது, வலது என்பதற்கான ஜப்பான் எழுத்துகள்: இரண்டுக்கும் மேல்பாதி ஒன்றுதான், கீழே சின்னப் பெட்டி இருந்தால் வலம். சாரதி இருக்கையில் உட்கார்ந்து பார்க்கிற வலம் அது, காருக்கு முன்னால் நின்று பார்க்கிற வலம் இல்லை.

ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் பொனட்டுக்குள் இன்னும் ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ளுங்கள், 'கோதென்அட்சு', உயர் மின்னழுத்தம். முதல் தலைமுறை அக்வாவின் ஹைபிரிட் பட்டரி 144 வோல்ட், அதிலிருந்து வருகிற செம்மஞ்சள் நிறக் கேபிளை நீங்களோ பழக்கமில்லாத மெக்கானிக்கோ தொடவே கூடாது. கூலண்ட் தாங்கியும் இரண்டு இருக்கும், ஒன்று எஞ்சினுக்கு, மற்றது பட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு மாற்றிக்கொடுக்கிற இன்வேட்டருக்கு, அந்த இரண்டாவதைத்தான் பலர் பார்ப்பதே இல்லை. இரண்டிலும் மேல்கோடு, கீழ்கோடு இருக்கும், எஞ்சின் ஆறிய பிறகு மட்டம் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள், சூட்டோடு மூடியைத் திறக்காதீர்கள்.